தலவாக்கலையில் இருந்துகொண்டு டெக்சஸ் வழக்கைப் படிப்பது

ஒரு கோப்பை அளவுக்கான தேயிலைக் குப்பி, முக்கோணத் தேநீர்ப் பை, கொழுந்து வெட்டும் இயந்திரம், நிறம் பார்த்துத் தூள் பிரிக்கும் இயந்திரம். இவற்றில் எதைத் தொட்டாலும் அதன் பின்னால் யாரோ ஒருவருடைய ஆக்கவுரிமை, அதாவது பேட்டன்ட், இருக்க இடமுண்டு. அதை வைத்து அமெரிக்காவில் வழக்கு வந்தால் பத்திரிகைகள் முதல் நாளில் இரண்டு பந்தி எழுதும், கடைசி நாளில் இழப்பீட்டுத் தொகையை எழுதும். நடுவே இரண்டு மூன்று வருடம் என்ன நடந்தது என்பது நீதிமன்றத்தின் வழக்கேட்டில், அதாவது தாக்கலாகும் ஒவ்வொன்றையும் இலக்கமிட்டு வரிசையாகப் பதியும் ஏட்டில்தான் இருக்கும். அங்குள்ள கூட்டாட்சி நீதிமன்றங்களின் வழக்கேடுகள் இணையத்தில் திறந்தே கிடக்கின்றன. அவற்றைப் பார்க்க அந்நாட்டுக் குடியுரிமையோ சட்டத்தரணி அட்டையோ தேவையில்லை. பேராதனைப் பொறியியல் மாணவரும் பார்க்கலாம், ஏற்றுமதிக்குப் பொதி செய்து கொடுக்கும் ஹட்டன் நிறுவனமும் பார்க்கலாம்.

ஆக்கவுரிமை அது வழங்கப்பட்ட நாட்டுக்குள் மட்டுமே செல்லும். அமெரிக்க உரிமை ஒன்றைக் காட்டி நுவரெலியாவில் ஓடும் இயந்திரத்தை நிறுத்த முடியாது. ஆனால் அமெரிக்கச் சட்டத்தில் இறக்குமதி செய்வதும் உரிமை மீறலே. ஆகவே இங்கே செய்து அங்கே விற்கிறவர்கள்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டியவர்கள்.

முதலில் இலக்கம்

வழக்கொன்றைப் பிடிக்க நீதிமன்றத்தின் பெயர், வழக்கு இலக்கம், தரப்பினரின் பெயர் ஆகிய மூன்றும் வேண்டும். ஆக்கவுரிமை வழக்குகள் மாநில நீதிமன்றத்துக்குப் போவதில்லை. கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றங்கள் 94 இல் ஏதோ ஒன்றில் இருக்கும். கிழக்கு டெக்சஸ், மேற்கு டெக்சஸ், டெலவெயர், வட கலிபோர்னியா என்ற நான்கு பெயர்கள் உங்களுக்கு அடிக்கடி எதிர்ப்படும்.

அப்பிள், சம்சுங் நிறுவனங்களுக்கிடையே 2011 இல் வட கலிபோர்னியாவில் தொடங்கிய வழக்கின் இலக்கம் 5:11-சிவி-01846-எல்எச்கே. திரையில் எழுத்துகள் ஆங்கிலத்தில் வரும். 5 என்பது அந்த மாவட்டத்தின் சான் ஹொசே பிரிவு, 11 வருடம், ‘சிவி’ என்றால் சிவில் வழக்கு, 01846 தொடரிலக்கம், கடைசி மூன்று எழுத்து நீதிபதி லூசி கோவின் முதலெழுத்துகள். நீதிபதி மாறினால் கடைசி எழுத்துகள் மாறும், தொடரிலக்கம் மாறாது. அதே தொடரிலக்கம் வேறு மாவட்டத்திலும் இருக்கும் என்பதால், நீதிமன்றத்தின் பெயர் இல்லாமல் இலக்கத்தை மட்டும் குறித்து வைப்பதால் பயனில்லை. (படித்துப் பழக அந்த வழக்கை எடுக்காதீர்கள். அதில் ஆயிரக்கணக்கான பதிவுகள், தலை சுற்றும்.)

கையில் ஆக்கவுரிமையின் இலக்கம் மட்டும் இருந்தால் கொஞ்சம் சுற்றிப் போக வேண்டும். நீதிமன்றங்களின் பொதுத் தேடல் பக்கத்தில் ஆக்கவுரிமை இலக்கத்தை இட்டுத் தேட வழியில்லை. இரண்டு குறுக்கு வழிகள் உண்டு. கோர்ட்லிசனர் என்ற இலவசத் தளத்தில் இலக்கத்தைக் காற்புள்ளியோடு, 7,165,488 என்பதுபோல, மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடலாம். அல்லது அந்த உரிமையை எதிர்த்து அமெரிக்க ஆக்கவுரிமை அலுவலகத்தின் விசாரணைச் சபையில் மனு ஏதும் போயிருக்கிறதா என்று பார்க்கலாம். அந்த மனுவோடு சேர்த்து, அதே உரிமை சம்பந்தமாக எங்கெங்கே வழக்கு நடக்கிறது என்ற விபரத்தையும் மனுதாரர் கட்டாயம் கொடுக்க வேண்டும். தேடித் தேடிக் காசு கரைவதைவிட, ஒரே பக்கத்தில் முழுப் பட்டியலும் இலவசமாகக் கிடைக்கும் இடம் அதுதான்.

பணம் கொடுக்கும் முன் இலவசத்தைப் பாருங்கள்

நீதிமன்றத்தின் சொந்தத் தளம் பேசர். பக்கத்துக்கு 10 அமெரிக்க சதம் கேட்கும். அதற்கு முன் கோர்ட்லிசனரைத் திறவுங்கள். ஃப்ரீ லோ ப்ராஜெக்ட் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு அதை நடத்துகிறது. அவர்களுடைய ரீகேப் என்ற உலாவி நீட்சியை ஃபயர்ஃபொக்ஸிலோ குரோமிலோ போட்டுக்கொண்டவர் பேசரில் ஓர் ஆவணத்தை வாங்கினால், அதன் பிரதியொன்று கோர்ட்லிசனருக்குப் போய்விடும். அடுத்தவர் அதை இலவசமாக எடுக்கலாம். பலர் கவனிக்கும் வழக்குகளில் முக்கிய ஆவணங்கள் ஏற்கெனவே அங்கே இருக்கும். நீங்களும் நீட்சியைப் போட்டுவிட்டே பேசருக்குள் போங்கள். இலவசமாகக் கிடைப்பவற்றை அது அங்கேயே அடையாளம் காட்டும்.

கோர்ட்லிசனர் பக்கத்தில் வழக்கேடு கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்ற திகதி இருக்கும். முதலில் கண் போக வேண்டிய இடம் அது. நான்கு மாதத்துக்கு முந்தைய திகதியைப் பார்த்துவிட்டு “வழக்கு அசையவில்லை” என்று முடிவு செய்தால் ஏமாந்துபோவீர்கள். அசையாதது வழக்காக இராது, அந்தப் பக்கமாகவே இருக்கும். அந்தப் பக்கம் நீதிமன்றங்களின் செய்தியோடையைப் (ஆர்எஸ்எஸ்) பார்த்தே புதுப்பிக்கப்படுகிறது; சில மாவட்டங்கள் எல்லாப் பதிவுகளையும் அதில் விடுகின்றன, சில ஒரு பகுதியை மட்டும் விடுகின்றன. மின்னஞ்சல் அறிவித்தலைப் போட்டு வைக்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.

பேசர் கணக்கும் பணம் போகும் வழிகளும்

வழக்குப் பார்ப்பதற்கு மட்டுமான கணக்கைத் தெரிவு செய்து பதிவு செய்யுங்கள். வங்கி அட்டை விபரம் கொடுத்தால் கணக்கு உடனே திறக்கும். கொடுக்காவிட்டால் செயற்படுத்தும் இலக்கம் தபாலில் வரும். லயத்து வீட்டுக்குத் தனி முகவரி இல்லாமல் கடிதமெல்லாம் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து சேரும் இடங்களில் அதைக் காத்திருப்பது வீண். அட்டை வழியே போங்கள். இங்குள்ள டெபிட் அட்டைகள் பலவற்றில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு அடைத்தே இருக்கும், வங்கிக்குச் சொல்லி முதலில் அதைத் திறந்துவிட வேண்டும்.

கட்டணக் கணக்கை நன்றாக விளங்கிக்கொள்ளுங்கள். ஓர் ஆவணம் எத்தனை பக்கமானாலும் 30 பக்கத்துக்குரிய 3 டொலருக்கு மேல் போகாது. காலாண்டொன்றில், அதாவது ஜனவரி முதல் மார்ச் வரை என்ற கணக்கில், மொத்தச் செலவு 30 டொலரோ அதற்குக் குறைவோ என்றால் ஒன்றும் கட்ட வேண்டியதில்லை. ஆனால் “முதல் 30 டொலர் இலவசம்” என்று இதற்குப் பொருளில்லை. 30 டொலர் 10 சதம் ஆகிவிட்டால் முழுத் தொகையும் கட்ட வேண்டும். மாதக் கடைசியில் கணக்குப் பக்கத்தைப் பார்த்து, 25 டொலரைத் தாண்டியிருந்தால் அந்தக் காலாண்டில் கையை எடுத்துவிடுவது நல்லது.

பணம் வழமையாக இப்படித்தான் நழுவும். வழக்குப் பத்திரத்தின் இணைப்புகள் ஒவ்வொன்றும் தனி ஆவணம், ஒவ்வொன்றுக்கும் தனி 3 டொலர் உச்சம். 40 பக்கப் பத்திரத்தையும் 30 பக்கத்தைத் தாண்டும் எட்டு இணைப்புகளையும் ஒரே மூச்சில் இறக்கினால் 27 டொலர் போயிற்று, காலாண்டு முடிந்தது. அந்த எட்டில் முதலாவது பெரும்பாலும் ஆக்கவுரிமைப் பத்திரம்தான். கூகுள் பேட்டன்ட்ஸில் அது சும்மா கிடைக்கிறது. பெயர் தேடலுக்கு 3 டொலர் உச்சம் கிடையாது, ஒன்றும் கிடைக்காத தேடலுக்கும் 10 சதம் உண்டு. நீதிமன்ற உரையாடல் எழுத்துப்படிக்கும் உச்சமில்லை. 200 பக்க எழுத்துப்படி 20 டொலர். அதுவும் தாக்கலாகி 90 நாள் கழிந்த பிறகே பேசரில் திறக்கும்.

வழக்கேட்டுப் பக்கத்துக்கும் காசு உண்டு. ஒவ்வொரு வாரமும் முழு ஏட்டையும் திறந்தால் ஒவ்வொரு தடவையும் 3 டொலர் வரை போகும். ஏட்டைக் கேட்கும் படிவத்தில் திகதி எல்லையோ பதிவிலக்க எல்லையோ இடலாம். போன முறை 87 ஆம் பதிவு வரை பார்த்திருந்தால் 88 முதல் என்று இடுங்கள். விலகிப்போன தரப்பினரின் பட்டியல், இணைந்த வழக்குகளின் பட்டியல் ஆகியவற்றின் சரி அடையாளத்தையும் எடுத்துவிடுங்கள். 10 சதத்தோடு முடிந்துவிடும்.

மலைநாட்டில் இன்னொரு தொல்லை உண்டு. மழை இறங்கினால் சிக்னல் போகும், இடி இடித்தால் மின்சாரம் போகும். பேசரில் “பார்” என்று அழுத்தியதும் கட்டணம் விழுந்துவிடும், பாதியில் இணைப்பு அறுந்து மறுபடி திறந்தால் மறுபடியும் விழும். பெரிய கோப்பை போனில் திறக்காதீர்கள். இணைப்பு நிலையாக இருக்கும் நேரத்தில் கணினியில் இறக்கி உடனே சேமியுங்கள். கோப்பின் பெயரில் வழக்கிலக்கத்தையும் பதிவிலக்கத்தையும் இட்டு வையுங்கள், ஒரே ஆவணத்தை இரண்டு முறை வாங்க நேராது.

இலவசமான ஒன்றும் பேசரிலேயே உண்டு. நீதிபதி காரணம் எழுதித் தரும் தீர்மானங்களுக்குக் கட்டணமில்லை. ஆகவே காசு கொடுத்து வாங்கத் தகுந்தவை உண்மையில் மிகச் சில: வழக்குப் பத்திரம், கால அட்டவணைக் கட்டளை, உரிமைப் பத்திரத்தின் சொற்பொருள் பற்றி இரு தரப்பும் சேர்ந்து தரும் அட்டவணை. மற்றவற்றைத் தேவை வரும்போது யோசிக்கலாம்.

ஏட்டின் தொடக்கப் பதிவுகள்

1 ஆம் பதிவு ‘கம்ப்ளெயின்ட்’, அதாவது வழக்குப் பத்திரம். இதில் எந்த உரிமை, அதன் எந்த உரிமைக்கோரல் (எதற்கு உரிமை என்று ஆக்கவுரிமைப் பத்திரத்தின் முடிவில் இலக்கமிட்டு எழுதியிருக்கும் வாசகம்), எந்தப் பண்டம் என்ற மூன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். “குறைந்தபட்சம் 1 ஆம் உரிமைக்கோரல்” என்று எழுதியிருப்பார்கள், பிறகு மற்றவற்றைச் சேர்க்க வழி வைக்கும் சொல் அது. கேட்கும் பரிகாரங்களின் நீண்ட பட்டியலைத் தாண்டிப் போங்கள், எல்லா வழக்கிலும் ஒரே பாட்டுத்தான்.

அதை ஒட்டிவரும் நிறுவன வெளிப்படுத்தல் கூற்று ஓரிரு பக்கம்தான், ஆனால் சில நேரம் வழக்குப் பத்திரத்தைவிடப் பெறுமதியானது. கேள்விப்படாத பெயருள்ள வழக்காளியின் தாய் நிறுவனம் யார் என்பது அதில் வெளிப்படும்.

வழக்குப் பத்திரம் கையளிக்கப்பட்டதிலிருந்து 21 நாளில் எதிராளி மறுமொழி கொடுக்க வேண்டும். முறைப்படியான கையளிப்பை விட்டுக்கொடுத்தால் 60 நாள், அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவருக்கு 90 நாள். உடனே கால நீடிப்பு விண்ணப்பம் ஒன்றும் வரும், மற்றத் தரப்பும் எதிர்க்காது. இதில் செய்தி ஒன்றுமில்லை. செய்தி இருப்பது அடுத்து வரும் விண்ணப்பத்தில்.

அது வழக்கைத் தள்ளுபடி செய்யக் கேட்டால், பெரும்பாலும் 2014 இன் அலிஸ் தீர்ப்பைக் காட்டி, இந்த உரிமை வெறும் கருத்தைத்தான் பிடித்து வைத்திருக்கிறது என்று வாதிடும். மென்பொருள் வழக்குகளில் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும், இரும்பு இயந்திர வழக்கில் அவ்வளவு எடுபடாது. வேறு மாவட்டத்துக்கு மாற்றக் கேட்டால் 2017 இன் டிசி ஹார்ட்லேண்ட் தீர்ப்பு பேசப்படும். அதன்படி அமெரிக்க நிறுவனத்தின் மீது, அது பதிவான மாநிலத்திலோ, அதற்கு நிலையான தொழிலிடம் இருந்து மீறலும் நடந்த மாவட்டத்திலோதான் வழக்கிடலாம். வெளிநாட்டு நிறுவனத்துக்கு இந்தப் பாதுகாப்புக் கிடையாது. இலங்கை ஏற்றுமதியாளர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்: டெக்சஸில் உங்களுக்குக் கடை இல்லை என்பது பதிலாகாது.

மாற்றப்பட்டால் பழைய ஏடு மூடப்படும், புதிய மாவட்டத்தில் புதிய இலக்கம் பிறக்கும். பழைய ஏட்டின் கடைசிப் பதிவில் அது எந்த மாவட்டத்துக்குப் போனது என்று இருக்கும்.

புதியவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் சேர்த்து நடத்தும் வழக்குகள். ஒரே உரிமையாளர் பத்து நிறுவனங்கள் மீது பத்து வழக்குப் போடுவார். கிழக்கு டெக்சஸில் இவற்றை ஒன்றாகக் கட்டி, ஒன்றைத் தலைமை வழக்கு என்று வைப்பார்கள். அதன் பிறகு தாக்கலாவதெல்லாம் தலைமை ஏட்டிலேயே ஏறும். நீங்கள் உறுப்பு வழக்கொன்றைத் திறந்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் மௌனத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஏட்டின் தலைப்பிலேயே தலைமை வழக்கின் இலக்கம் எழுதியிருக்கும்.

அட்டவணையும் சொற்பொருளும்

‘ஷெட்யூலிங் ஓர்டர்’ என்று வரும் கட்டளையை எடுத்து, அதிலுள்ள திகதிகளைப் போன் நாட்காட்டியில் ஏற்றுங்கள். சான்று திரட்டல் முடியும் நாள், சொற்பொருள் விசாரணை நாள், விசாரணைக்கு முந்திய விண்ணப்பங்களுக்கான கடைசி நாள், ஜூரி தெரிவு நாள் ஆகியவை வேண்டும். திருத்திய அட்டவணை வரும்போது பழையதை அழியுங்கள். கடைசி நாளின் நள்ளிரவு வரை தாக்கல் செய்ய விடும் டெக்சஸ் நீதிமன்றத்தில், அது நமக்கு மறுநாள் முற்பகல் 10.30, அவர்களுடைய குளிர்காலத்தில் 11.30. காலையிலேயே பார்த்துவிட்டு “தாக்கல் செய்யவில்லை” என்று முடிவெடுக்காதீர்கள்.

பொறியியல் தெரிந்தவருக்குச் சுவையான கட்டம் சொற்பொருள் விசாரணை. ஏட்டில் ‘மார்க்மன்’ என்று இருக்கும். உரிமைக்கோரலின் சொற்களுக்கு என்ன பொருள் என்று தீர்மானிப்பது ஜூரி அல்ல, நீதிபதியே என்று 1996 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் அந்தப் பெயருள்ள வழக்கில் சொன்னது. தேயிலை வெட்டும் கருவியொன்றின் உரிமைக்கோரலில் “ஏறத்தாழத் தட்டையான அலகு” என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். எவ்வளவு வளைவு வரை தட்டை? உரிமையாளர் கொஞ்ச வளைவும் அடங்கும் என்பார், எதிராளி அறவே வளைவு கூடாது என்பார். எதிராளியின் அலகு வளைந்ததாக இருந்தால், இந்த ஒரு சொல்லிலேயே வழக்கு தீர்ந்துவிடும். அதனால்தான் இரு தரப்பும் கூட்டாகக் கொடுக்கும் அட்டவணையைக் காசு கொடுத்தாவது எடுக்கச் சொல்கிறோம்: சொல் ஒரு நிரலில், இருவர் சொல்லும் பொருளும் அடுத்தடுத்த நிரல்களில். நீதிபதியின் கட்டளை வந்ததும் யாருடைய நிரலை ஏற்றார் என்று ஒவ்வொரு சொல்லாக அடையாளமிடுங்கள். சமரசம் பேசப்படுவதும், “இந்தப் பொருளின்படி மீறல் இல்லை” என்று உரிமையாளரே ஒப்புக்கொண்டு நேரே மேன்முறையீட்டுக்குப் போவதும் இதற்குப் பிறகுதான்.

மேலே சொன்ன பதிவுகளுக்கிடையில் ‘சீல்ட்’ என்று பூட்டிய ஆவணங்கள் வரும். விற்பனைக் கணக்கு, வரைபடம், மென்பொருள் நிரல் போன்றவை அவை. பேசரில் எவ்வளவு கொடுத்தாலும் திறக்காது. பல நீதிமன்றங்களில் சில நாள் கழித்து, இரகசியப் பகுதிகளைக் கறுப்படித்த பொதுப் பிரதி வேறு இலக்கத்தில் ஏறும். அதைத் தேடுங்கள்.

ஏடு தூங்கினால் வேறெங்கே பார்ப்பது

‘ஸ்டே’ என்ற சொல் ஏட்டில் கண்டால் வழக்கு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. சண்டை வேறு மேடைக்குப் போயிருக்கும். பெரும்பாலும் அது ஆக்கவுரிமை அலுவலகத்தின் விசாரணைச் சபை. எதிராளி வழக்குப் பத்திரம் கையளிக்கப்பட்ட ஒரு வருடத்துக்குள், முந்தைய உரிமைப் பத்திரங்களையும் அச்சான வெளியீடுகளையும் காட்டி, இந்த உரிமையே செல்லாது என்று மனுப் போடலாம். இலக்கம் ‘ஐபிஆர்’ என்று தொடங்கி வருடத்தோடு வரும். சபை மனுவை விசாரணைக்கு ஏற்றால், அன்றிலிருந்து ஒரு வருடத்தில் இறுதித் தீர்மானம் தர வேண்டும், தகுந்த காரணத்துக்கு ஆறு மாதம் வரை நீட்டலாம். அந்தச் சபையின் பொது ஆவணங்கள் எல்லாம் இலவசம். மனுவோடு வரும் நிபுணரின் சத்தியக் கூற்று அந்தத் தொழில்நுட்பத்துக்கு நல்ல பாடநூல்போல இருக்கும்.

இன்னொரு மேடை சர்வதேச வர்த்தக ஆணைக்குழு. இறக்குமதிப் பண்டங்களைப் பற்றிய விசாரணை, இலக்கம் 337-டிஏ என்று தொடங்கும். அங்கே இழப்பீடு கிடைக்காது, பண்டத்தைத் துறைமுகத்திலேயே தடுக்கும் கட்டளைதான் கிடைக்கும். அந்த விசாரணையின் எதிராளி உரிய காலத்தில் கேட்டால், அதே பிரச்சினை பற்றிய மாவட்ட வழக்கு கட்டாயம் நிறுத்தப்படும். ஈடிஸ் என்ற ஆணைக்குழுவின் தளத்தில் பதிவு செய்துகொண்டு பொது ஆவணங்களை இலவசமாக எடுக்கலாம்.

முடிந்ததா இல்லையா

பெரும்பாலான வழக்குகள் சத்தமில்லாமல் முடியும். இருவரும் சேர்ந்து தள்ளுபடி கேட்பார்கள், ஒரு பக்கக் கட்டளை வரும், தொகை வெளியே வராது. அந்தக் கட்டளையில் ‘வித் பிரெஜுடிஸ்’ என்றிருந்தால் அதே கோரிக்கையை மறுபடி கொண்டுவர முடியாது. ‘விதவுட்’ என்றிருந்தால் கதவு திறந்தே இருக்கிறது. இழப்பீட்டை ஆறு வருடம் பின்னோக்கிக் கேட்கலாம் என்பதால் வழக்காளி திரும்பி வரக்கூடும். ஒரு தரப்புக்கு எதிரே ‘டெர்மினேட்டட்’ என்றிருந்தால் விலகியது அந்தத் தரப்பு மட்டுமே.

தீர்ப்பு வந்திருந்தால் மேன்முறையீட்டு அறிவித்தலுக்கு 30 நாள். ஜூரி முடிவை மாற்றக் கேட்கும் விண்ணப்பங்கள் நிலுவையில் இருந்தால், அவை தீர்ந்த பிறகுதான் அந்த 30 நாள் ஓடத் தொடங்கும். ஆக்கவுரிமை மேன்முறையீடுகள் எந்த மாவட்டத்திலிருந்து வந்தாலும் வொஷிங்டனிலுள்ள ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றத்துக்கே போகும். அங்கே புது இலக்கம். தீர்ப்புகளையும் வாய்மொழி வாதங்களின் ஒலிப்பதிவுகளையும் அந்த நீதிமன்றத்தின் தளமே இலவசமாகத் தருகிறது. சில நேரம் காரணம் ஏதும் எழுதாமல் கீழ்த் தீர்ப்பை உறுதிப்படுத்தி ஒரு வரியில் முடித்துவிடும். அப்போது அந்த ஒலிப்பதிவை விட்டால் நீதிபதிகள் நினைத்ததை அறிய வேறு வழியில்லை.

பழகுவதற்குத் தேயிலையோடு தொடர்புள்ள ஒன்று வேண்டுமானால் கியூரிக், ஸ்டர்ம் ஃபூட்ஸ் வழக்கை எடுங்கள். டெலவெயரில் தொடங்கியது, சம்பந்தப்பட்ட இரண்டு உரிமைகளில் ஒன்றுதான் மேலே சொன்ன 7,165,488. ஒரு கோப்பை பானம் தயாரிக்கும் கியூரிக் இயந்திரத்தில் பொருந்தும் குப்பிகளை ஸ்டர்ம் விற்றது. இயந்திரத்தை விற்றதோடு அதைப் பயன்படுத்தும் முறை மீதான உரிமையும் தீர்ந்துபோயிற்று என்று 2013 ஒக்டோபரில் ஃபெடரல் சர்க்யூட் சொன்னது. முதலில் அந்தத் தீர்ப்பைப் படித்துவிட்டுப் பின்னோக்கி மாவட்ட ஏட்டுக்குப் போனால், எந்தப் பதிவு முக்கியமானது, எது சடங்கு என்பது தானாகப் பிடிபடும்.

டெல்லியும் கொழும்பும்

இந்திய வழக்குகள் வேறு மாதிரி. டெல்லி மேல் நீதிமன்றத்தில் 2021 முதல் புலமைச் சொத்துக்கெனத் தனிப் பிரிவு உண்டு, சென்னையிலும் 2023 முதல் உண்டு. கட்டளைகள் நீதிமன்றத் தளத்தில் இலவசம். ஆனால் தரப்பினர் தாக்கல் செய்த பத்திரங்கள் பொதுமக்களுக்குத் திறப்பதில்லை. கட்டளையின் கடைசி வரியைப் பாருங்கள், அடுத்த தவணைத் திகதி அங்கேதான் இருக்கும்.

நம் நாட்டில் 2003 இன் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழான வழக்கு கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றத்துக்குப் போகும். அதன் மேன்முறையீடு நேரே உயர் நீதிமன்றத்துக்கு. உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் அதன் தளத்தில் கிடைக்கும். கீழே நடப்பதை அறியச் சட்டத்தரணி ஒருவர் மூலம் வழக்கேட்டைப் பார்த்துப் பிரதி எடுப்பதே நடைமுறை. பதுளையிலிருந்தோ மஸ்கெலியாவிலிருந்தோ பஸ் ஏறும் முன், வழக்கு இலக்கத்தையும் அடுத்த தவணையையும் அவரிடம் போனில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.